விளக்கு எரிந்தது, வோல்ட் வரவில்லை: ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கி ஏமாந்த கதை

அக்கா வீணை வாசிப்பாள். பக்கத்து வீட்டு அண்ணன் மிருதங்கம். இருவரையும் வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று ஆசைப்பட்டு மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்காக 6,800 ரூபாயைக் கொண்டுபோய்க் கொட்டினேன்.

கடைக்குப் போகும்போது ஃபோகஸ்ரைட் கம்பெனியின் ஸ்கார்லெட் 2ஐ2 வாங்கத்தான் போனேன். "அது பேருக்குக் காசு சார், உள்ளே இருக்கிறது எல்லாம் ஒண்ணுதான்" என்று கடைக்காரர் கேள்வியே படாத பெயரில் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். அட்டையில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் பதிவுத் தரம், 48 வோல்ட், இரண்டு மைக் இன்புட் என்று போட்டிருந்தது. மாட்டிக் காட்டச் சொன்னேன். சீல் உடைத்தால் ரிட்டர்ன் கிடையாது என்றார். அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். விலை கண்ணை மறைத்துவிட்டது.

வீட்டில் கன்டென்சர் மைக்கை (இந்த வகை மைக்குக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும்) மாட்டி 48 வோல்ட் பட்டனை அழுத்தினால் சிவப்பு விளக்கு ஜம்மென்று எரிகிறது. வீணை மட்டும் மூன்று தெரு தள்ளி வாசிப்பதுபோல் கேட்கிறது. மைக் ஒலியைக் கூட்டும் கெயினை முழுக்கத் திருகினால் வீணைக்கு முன்னால் இரைச்சல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மைக்தான் கோளாறு என்று நண்பனிடம் இன்னொன்றை இரவல் வாங்கினேன். அதுவும் அதே கதை.

கடைசியில் எலக்ட்ரீஷியன் மாமா மல்டிமீட்டரோடு வந்தார். டிசியில் வைத்து, கேபிளின் மைக் முனையில் 1 என்று எழுதியிருக்கும் துளையில் கறுப்பு முள்ளையும் 2-இல் சிவப்பு முள்ளையும் வைத்தார். பாண்டம் பவர், அதாவது மைக்குக்குப் போக வேண்டிய அந்த 48 வோல்ட், ஒழுங்காக வந்தால் 44-லிருந்து 52-க்குள் காட்ட வேண்டும். எங்களுக்குக் காட்டியது 4.9. "யூஎஸ்பியில வர்ற 5 வோல்ட்டை அப்படியே தூக்கிக் குடுத்திருக்கான்டா" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் அட்டையில் போட்டிருந்த தரம் இல்லை, 16 பிட், 48,000 ஹெர்ட்ஸைத் தவிர வேறு எதுவும் இல்லை. ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவர் என்ற பேச்சே கிடையாது, ஹெட்போனில் அக்கா தன் மீட்டையே தாமதமாகக் கேட்டாள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டு மைக் போட்டும் இரண்டும் கலந்து ஒரே ட்ராக்காகத்தான் கம்ப்யூட்டருக்குள் போகிறது. மிருதங்கத்தைக் குறைத்தால் வீணையும் சேர்ந்து குறைகிறது! இரண்டு இன்புட் என்று நம்பித்தானே வாங்கினேன்?

கடையில் முதலில் "உங்க சாஃப்ட்வேர் பிரச்சனை" என்றார்கள். மல்டிமீட்டர் வீடியோவைக் காட்டியதும் "கம்பெனிக்கு அனுப்பணும், 45 நாள் ஆகும்" என்று மாறியது. 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம் என்று பில்லை எடுத்தால், கையால் எழுதிய அந்தச் சீட்டில் "சவுண்ட் கார்டு - 1" என்று மட்டும் இருக்கிறது. மாடல் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. வாங்கும்போது அதைப் பார்க்காதது என் தப்பு. இருந்தாலும் புகார் கொடுப்பேன் என்று நின்றதில், பெட்டியை வாங்கிக்கொண்டு 4,000 கொடுத்தார்கள்.

இப்படி ஏதாவது வாங்கப் போகிறவர்கள் லேப்டாப்பையும் ஒரு மல்டிமீட்டரையும் கையோடு எடுத்துப் போங்கள். இரண்டு மைக்கையும் மாட்டி இரண்டு தனி ட்ராக் வருகிறதா என்று அங்கேயே பாருங்கள். மாட்டவிடாத கடையில் வாங்காதீர்கள்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். சீல் உடைத்தால் எடுக்கமாட்டோம் என்றவர்களின் ஷோகேஸில் என் பெட்டி இருக்கிறது, மூடியில் புதுசாக செல்லோடேப் ஒட்டி. விலை 6,500.