இரண்டு கார்பன் இழைத் துணிகள்: ஒரு காரைக்குடிப் பட்டறையின் அனுபவம்

ட்ரோன்களுக்கான உடற்சட்டகங்கள் செய்யும் எங்கள் பட்டறைக்காக இரண்டு விதக் கார்பன் இழைத் துணிகளை வாங்கி, ஒரே எப்பாக்ஸிப் பிசினில் ஒரே நாளில் வார்த்துப் பார்த்தேன். மலிவாகக் கிடைத்த முதல் துணியில், மேற்பரப்புப் பதப்படுத்தலைப் பற்றி விற்றவர் எதுவும் குறிப்பிடவில்லை. வார்த்த தகட்டை வளைத்ததும் அடுக்குகள் பிரிந்தன, முறிந்த இடத்தில் இழைகள் பிசின் துளியும் ஒட்டாமல், பாயிலிருந்து உருவிய கோரையைப் போல வழவழப்பாக நீட்டிக்கொண்டு நின்றன.

ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கார்பன் இழையின் மேற்பரப்பு இயல்பிலேயே எளிதில் வினைபுரியாது என்பதால், ஆலைகளில் அம்மோனியம் பைகார்பனேட் போன்ற கரைசலில் இழையையே நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்துகிறார்கள். அப்போது இழையின் மேற்பரப்பில் உருவாகும் ஹைட்ராக்சில், கார்பாக்சில் என்னும் ஆக்சிஜன் கொண்ட வேதித் தொகுதிகள்தாம் பிசினைப் பற்றிக்கொள்கின்றன. நைட்ரிக் அமிலத்தாலும் இதைச் செய்யலாம், ஆனால் அளவு மீறினால் இழையே வலுவிழக்கும். மின்வேதியியலுக்கென்றே சிக்ரி ஆய்வகம் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் வாங்கியது என் தவறுதான்.

இவ்வாறு பதப்படுத்தி, எப்பாக்ஸிக்கேற்ற மேற்பூச்சும் இட்ட இரண்டாவது துணி விலை கூடுதல். ஆயினும் முறிந்த பிறகும் இழைகளில் பிசின் படிந்தே இருந்தது. வினைல் எஸ்டர் பிசின் பயன்படுத்துவோர் அதற்குரிய மேற்பூச்சுள்ள துணியைக் கேட்டு வாங்க வேண்டும்.