கல்ச்சர் அறிக்கையைப் படித்துச் சிகிச்சை தரும் ஐ.சி.யூ.: புதுச்சேரி தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கும் என் பெரியப்பா நெடுநாள் சர்க்கரை நோயாளி. நிமோனியா முற்றி மூச்சுத்திணறலோடு புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட அவர், வென்டிலேட்டரில் இருந்தபோதே வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமித் தொற்றுக்கும் ஆளாகி, அதிலிருந்தும் மீண்டு வீடு திரும்பினார். அந்தப் பிரிவின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. பாராட்டோடு சில கடுமையான குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் கல்ச்சர், அதாவது இரத்தத்திலோ சளியிலோ உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து அடையாளம் காணும் சோதனை. கடலூரில் நாங்கள் முதலில் காட்டிய சிறிய மருத்துவமனையில் எந்தக் கல்ச்சரும் எடுக்காமலே மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்கிவிட்டிருந்தார்கள். புதுச்சேரியில் அவசர சிகிச்சை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, 'மருந்து போடுவதற்கு முன்னால் இரத்தக் கல்ச்சர் எடுத்தார்களா, சார்?' என்பதுதான். இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுத்துக் கல்ச்சர் பாட்டில்களை நிரப்பினார்கள். அந்தச் சில நிமிடங்களிலேயே அடுத்த ஊசியும் தயாராகிவிட்டது. தொற்றால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும் செப்டிக் ஷாக் நிலையில் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் உடலுக்குள் சென்றாக வேண்டும் என்பதால், கல்ச்சருக்காக மருந்தைத் தாமதப்படுத்துவதும் தவறு, மருந்தின் அவசரத்தில் கல்ச்சரைக் கைவிடுவதும் தவறு. இரண்டுக்கும் இடம் கொடுத்துப் பழகிய பணியாளர்கள் அங்கே இருந்தார்கள்.

நிமோனியா தணிந்துவந்த வேளையில் மறுபடியும் காய்ச்சல் ஏறி, இரத்த அழுத்தம் சரிந்து, அழுத்தத்தை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்தைத் தொடங்க வேண்டிய நிலை வந்தது. புதிதாக எடுத்த கல்ச்சரில் கிருமி வளர்வதாகக் கருவி காட்டிய அன்று இரவே, அது கிராம் நெகட்டிவ் என்ற பாக்டீரியா வகை என்று நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து டியூட்டி டாக்டருக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டார்கள். அச்சிட்ட அறிக்கை வரட்டும் என்று காலைவரை காத்திருக்கவில்லை. பின்னர் அது கிளெப்சியெல்லா நிமோனியே என்றும், மெரோபெனெம், பைபரசிலின்-டாசோபாக்டம், அமிக்காசின் ஆகிய மூன்று ஆன்டிபயாடிக்குகளுக்கும் கட்டுப்படாது என்றும் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் அந்தப் பிரிவின் தரம் எனக்குப் புரிந்தது. மெரோபெனெம் வேலை செய்யாது என்று தெரிந்தவுடன் கொலிஸ்டின் என்ற கடைசிக் கட்ட மருந்துக்குத் தாவிவிடாமல், கிருமி எந்த நொதியைக் கொண்டு மருந்தைச் சிதைக்கிறது என்பதை, அதன் மரபணுவைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையில் பார்த்தார்கள். விடை, மெரோபெனெம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் என்.டி.எம். நொதி என்று வந்தது. தொற்றுநோய் நிபுணர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். ஆக்ஸா-48 என்ற நொதி மட்டும் இருந்திருந்தால் செஃப்டாசிடிம்-அவிபாக்டம் என்ற கூட்டு மருந்து போதுமாம், ஆனால் அதில் நொதியை முடக்கும் பாகமான அவிபாக்டத்தால் என்.டி.எம்.மைத் தடுக்க முடியாது. அஸ்ட்ரியோனாம் என்ற மருந்தை என்.டி.எம். சிதைப்பதில்லை என்றாலும், அதே கிருமியிடம் உள்ள வேறு நொதிகள் அதைச் சிதைத்துவிடும். அந்த வேறு நொதிகளை அவிபாக்டம் முடக்கும். ஆகவே அஸ்ட்ரியோனாமையும் செஃப்டாசிடிம்-அவிபாக்டத்தையும் சேர்த்து, ஒரே நேரத்தில் மெதுவாக ஏற்ற வேண்டும் என்றார். அப்படியே செய்தார்கள், அளவை மட்டும் சிறுநீரகத்தின் நிலைக்கேற்ப அவ்வப்போது திருத்தினார்கள்.

கொலிஸ்டின் ஏன் வேண்டாம் என்பதற்கும் விளக்கம் கிடைத்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதற்காக 1970களில் ஏறக்குறைய ஒதுக்கப்பட்ட அந்தப் பழைய மருந்து, வேறு வழியில்லாமல்தான் ஐ.சி.யூ.க்களுக்குத் திரும்பி வந்தது. ஆய்வகங்களுக்கான அளவுகோல்களை வகுக்கும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. 2020 முதல், கொலிஸ்டினுக்குக் கிருமி 'கட்டுப்படும்' என்று எழுதும் வகையையே நீக்கிவிட்டது. சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏற்கெனவே ஏறியிருந்த ஒரு சர்க்கரை நோயாளிக்கு அதைத் தவிர்க்க முடிந்தது பெரிய உதவி. சென்னையின் ஆர்கிட் நிறுவனம் கண்டுபிடித்த என்மெடசோபாக்டம் என்ற நொதித் தடுப்பு மருந்து, செஃபிபைம் என்ற ஆன்டிபயாடிக்குடன் சேர்ந்து 2024இல் அமெரிக்க அனுமதி பெற்ற செய்தியைப் படித்திருந்ததால், அதைப் பற்றியும் கேட்டேன். அது நல்ல மருந்துதான், ஆனால் என்.டி.எம்.முக்கு எதிரே நிற்காது என்று ஒரே வாக்கியத்தில் நிபுணர் முடித்தார். அரைகுறையாகப் படித்துவிட்டுக் கேட்கும் உறவினரிடம் எரிச்சல்படாத மருத்துவர்கள் அரிது.

இந்த மருத்துவக் குழு செய்தவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது, அவர்கள் தராமல் விட்ட ஒரு மருந்தை. மூச்சுக்குழாய்ச் சளியில் அசினெட்டோபாக்டர் என்ற வேறொரு கிருமி வளர்ந்திருப்பதாக இன்னொரு அறிக்கை வந்தபோது, 'இதற்கு மட்டும் ஏன் மருந்து இல்லை?' என்று பெரியப்பாவின் மகன் கோபமாகவே கேட்டார். எக்ஸ்ரேயில் புதிய நிழல் இல்லை, ஆக்சிஜன் தேவை கூடவில்லை, சளியின் அளவும் மாறவில்லை. ஆகவே அந்தக் கிருமி அங்கே குடியிருக்கிறதே தவிர நோய் உண்டாக்கவில்லை என்று விளக்கிவிட்டு, மருந்து தர மறுத்துவிட்டார்கள். வென்டிலேட்டர் குழாயில் வளர்கிற ஒவ்வொன்றுக்கும் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மிச்சமிருக்கும் மருந்துகளும் பயனற்றுப் போகும். அதே போல, தொற்றுக்கு இடம் கொடுத்திருக்கலாம் என்று கருதிய பழைய சென்ட்ரல் லைனை (பெரிய இரத்தக் குழாயில் செருகிய குழாய்) உடனே எடுத்துவிட்டு வேறு இடத்தில் புதிதாகப் போட்டார்கள். உடல் தேறியதும் ஆன்டிபயாடிக்குகளை 7 நாட்களில் நிறுத்தினார்கள். சிகிச்சை முடிவுகளுக்கு ஐந்தில் ஐந்து தருவேன்.

தொற்றுத் தடுப்புக்கு அப்படித் தர முடியாது. பகலில் ஒவ்வொரு படுக்கையின் காலடியிலும் உள்ள ஆல்கஹால் திரவத்தைப் பயன்படுத்தாமல் யாரும் நோயாளியைத் தொட்டு நான் பார்க்கவில்லை. இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும், செவிலியர் எண்ணிக்கை குறையும்போது, அந்த ஒழுங்கும் குறைந்தது. ஒரு பணியாளர் கையுறை அணிந்த கையோடு ஒரு படுக்கையின் மானிட்டரைத் தொட்டுவிட்டு, அதே கையுறையோடு அடுத்த நோயாளியின் சிறுநீர்ப் பையைக் காலி செய்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து பார்த்தேன். கையுறை அணிபவரைக் காக்கலாம். படுக்கைக்குப் படுக்கை மாற்றாவிட்டால் கிருமியைச் சுமந்து செல்லும் வாகனமும் அதுவே. பார்வையாளர்களுக்கு வாசலில் ஒரே மேலங்கியை மாட்டி வைத்து, வருகிற எல்லோரையும் மாறி மாறி அணியச் சொல்வது வெறும் சடங்கு. என்.டி.எம். உறுதியான பிறகும் தனி அறைக்கு மாற்றுவதில் காலதாமதம் ஏற்பட்டது. பெரியப்பாவுக்கு அந்தக் கிளெப்சியெல்லா அங்கேதான் தொற்றியது என்று என்னால் நிரூபிக்க முடியாது; அந்த வாய்ப்பை மருத்துவமனையும் மறுக்கவில்லை. இதற்கு ஐந்தில் இரண்டரை.

இதை ஒரு மருத்துவமனையின் குறையாக மட்டும் பார்ப்பதும் சரியன்று. ஆன்டிபயாடிக் எதிர்ப்பைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2013இல் தொடங்கிய வலைப்பின்னலின் மையங்களுள் ஒன்று, நம் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர். மெரோபெனெம் போன்ற மருந்துகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றும், விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றும் கூறும் ஹெச்-1 அட்டவணை 2014 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும் சளிக்கும் வயிற்றுப்போக்கிற்கும் கடைக்காரரே எடுத்துக் கொடுக்கும் மாத்திரைகளை நாம் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

கட்டண விஷயத்தில் எனக்கு மனக்கசப்பு உண்டு. இரண்டு மருந்துகளின் ஒரு நாள் விலை, படுக்கை வாடகையையும் வென்டிலேட்டர் கட்டணத்தையும் சேர்த்தால் வருவதைவிட அதிகம். மருந்தின் அவசியத்தை அவ்வளவு பொறுமையாக விளக்கியவர்கள், விலையை மட்டும் மறுநாள் பில் கவுண்டரில்தான் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டார்கள். வெளியே விசாரித்தபோது அதே சேர்க்கை வேறு நிறுவனத்தின் பெயரில் குறைந்த விலைக்குக் கிடைத்தது; ஆனால் ஐ.சி.யூ. மருந்துகளை உள் மருந்தகத்தில்தான் வாங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பயன்படுத்தாத குப்பிகளை மட்டும் தகராறின்றித் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

மருத்துவர் உறவினர்களைச் சந்திக்கும் நேரம் முற்பகலில் குறித்த நேரத்துக்கே நடந்தது. கடலூரிலிருந்து வருகிறவர்கள் அரியாங்குப்பம் நெரிசலையும் கணக்கில் கொண்டு சீக்கிரமாகக் கிளம்புவது நல்லது, தவறவிட்டால் மறுநாள்தான்.

அங்கே சிகிச்சை பெறுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று டிஸ்சார்ஜ் சம்மரி. எங்களுக்குத் தந்த முதல் பிரதியில் 'செப்சிஸ், சிகிச்சையளிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. என்.டி.எம். உள்ள கிருமி, நோய் தீர்ந்த பிறகும் பல மாதங்கள் குடலில் தங்கியிருக்கக்கூடும்; அடுத்த முறை எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் முதல் நாளே இது தெரிந்தால்தான் தகுந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவும், பக்கத்துப் படுக்கைக்காரருக்குப் பரவாமல் தடுக்கவும் முடியும். பெரியம்மா விடாமல் கேட்ட பிறகு, கிருமியின் பெயர், நொதி, தந்த மருந்துகள், கொடுத்த நாட்கள் ஆகியவற்றை எழுதி, கல்ச்சர் அறிக்கையின் நகலையும் இணைத்துத் தந்தார்கள். கேட்காமலே தர வேண்டிய தாள் அது. நீங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.