மலைச்சாலையில் சைக்கிள்: சுற்றி வருவதா, ஏறிய வழியே இறங்குவதா?

மலைக்கு ரைடு போவது என்று முடிவானதும் எந்த மலை என்பது சீக்கிரமே தீர்ந்துவிடும். எந்தத் தடம் என்பதில்தான் இழுபறி. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, அடிவாரச் சாலை வழியே கிளம்பிய இடத்துக்கு வந்து சேரும் வட்டத் தடம் ஒன்று. ஏறிய சாலையிலேயே இறங்குவது இன்னொன்று. அண்மையில் ஒரு நீண்ட ஏற்றத்துக்கு இரண்டையும் வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, ஏறிய வழியே இறங்கும் தடத்தை எடுத்தேன். முதல் முறை போகும் மலை என்றால் யாருக்கும் அதையே சொல்வேன்.

வட்டத் தடத்தின் அழகு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பார்த்த காட்சியை மறுபடி பார்க்க வேண்டாம், ஒரே நாளில் மலையின் இரண்டு முகங்களும் கிடைக்கும். அதைவிட முக்கியமான வசதி, எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பிரான்ஸின் மோன் வான்டூ மலைக்கு மூன்று சாலைகள் உண்டு. அடிவாரத்து ஊரான பெதுவான் பக்கம் சுமார் 21 கிலோமீட்டரில் 1,600 மீட்டர் ஏற்றம். சோ என்ற ஊரின் பக்கம் 26 கிலோமீட்டர், சரிவும் நன்றாகவே குறைவு. கடினமான பக்கம் ஏறி சோ பக்கம் இறங்கினால் பிரேக் பிடிக்கும் கைக்கும் ரிம்முக்கும் ஓய்வு. ரிம்மையே பிடித்து நிறுத்தும் ரிம் பிரேக்கும் கார்பன் சக்கரமும் வைத்திருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறிக் கெட்டுப்போகவோ டியூப் வெடிக்கவோ வாய்ப்பு உண்டு.

இவ்வளவும் இருந்தும் நான் அந்தப் பக்கம் சாயாததற்குக் காரணம் ஒன்றுதான். நடுவில் ஏதாவது ஆனால் வீடு திரும்பும் வழி எப்படி இருக்கும்?

ஏறிய வழியே இறங்கும் தடத்தில், எந்த இடத்தில் நின்றாலும் வீட்டுக்குப் போகும் வழி பெரும்பாலும் இறக்கம்தான். கால் ஓய்ந்தாலும், மேகம் திரண்டாலும், உச்சிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது மனம் மாறினாலும், சைக்கிளைத் திருப்பினால் போதும். வட்டத் தடத்திலும் உச்சி வரை இந்த வசதி உண்டு. உச்சியைத் தாண்டியதும் கணக்கு தலைகீழாகிவிடும். மறுபக்கம் 600 மீட்டர் உயரம் இறங்கிய பிறகு, மண் சரிந்து சாலை மூடியிருக்கிறது என்று தெரிந்தால், அந்த 600 மீட்டரும் திரும்ப ஏற வேண்டும், அதுவும் களைத்த காலோடு.

அது எவ்வளவு பெரிய வேலை என்று எண்ணில் பார்க்கலாம். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம் என்றால் மணிக்கு 800 மீட்டர் உயரம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், எடையை மேலே தூக்க மட்டுமே ஏறக்குறைய 175 வாட் வேண்டும். காலையில் புதுக்காலோடு இது முடியும். பிற்பகலில், எதிர்பாராமல், இன்னொரு முக்கால் மணி நேரம் இதைச் செய்யச் சொன்னால்? போதாததற்கு, ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை தோராயமாக 6 டிகிரி குறையும். வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கும்போது அந்தக் குளிர் கை விரல்களில்தான் முதலில் தெரியும், பிரேக் பிடிக்க வேண்டிய அதே விரல்களில்.

அப்புறம், ஏறும்போதே இறக்கத்தைப் படித்துவிடலாம். மெதுவாகப் போவதால் எந்தக் கொண்டை ஊசி வளைவில் மணல் கிடக்கிறது, எங்கே மரநிழலில் சாலை ஈரமாக இருக்கிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் கண்ணில் படும். ஆனால் இறங்கும்போது நாம் இருப்பது சாலையின் எதிர்ப்பக்கம், நிழலும் இடம் மாறியிருக்கும். அதனால் இதை முழுசாக நம்பி வேகம் எடுக்க மாட்டேன்.

வட்டம் மிகச் சுலபமாக ஜெயிக்கும் இடங்களும் உண்டு. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு (2,757 மீட்டர்) பிராட்டோ என்ற ஊரின் பக்கம் 48 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுவிட்சர்லாந்தின் உம்பிரைல் கணவாய் வழியே இறங்கி பிராட்டோவுக்கே வந்துவிடலாம். உம்பிரைல் சாலையில் மிச்சமிருந்த மண்சாலைத் துண்டுக்கும் 2015-இல் தார் போட்டுவிட்டார்கள். இறங்கிய பிறகு அடிவாரத்தில் அதிகம் சுற்ற வேண்டியதில்லை, வேறு பெரிய ஏற்றமும் இல்லை. மூன்று நான்கு கணவாய்களைக் கோத்து நாள் முழுக்க ஓட்டுகிறவர்களுக்கு என் வாதம் எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன், அதில் எனக்கு அனுபவம் குறைவு.

வட்டத்தில்தான் போவேன் என்றால், பெரிய ஏற்றத்தை வெயில் ஏறும் முன் முடிக்கும்படி கிளம்புங்கள். காற்றுத் தடுப்புச் சட்டையை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள். மறுபக்கச் சாலை திறந்திருக்கிறதா என்று அன்று காலையிலேயே விசாரித்துவிடுங்கள். மறுபக்க அடிவாரத்திலிருந்து சைக்கிளை ஏற்றிக்கொள்ளும் பேருந்தோ ரயிலோ உண்டா, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதையும் குறித்து வையுங்கள்.