ஒற்றை ரோஜாவும் மாலை மாற்றுதலும்

பாம்பன் பூக்கடையில் பிப்ரவரி 14 அன்று ரோஜா ஒற்றையாக, காம்போடு, பாலிதீன் தாளுக்குள் நிற்கும். வாங்கும் பையன் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நடையைக் கட்டுகிறான். வாலண்டைன் என்ற ரோமாபுரித் தியாகியின் திருநாள் அது. அன்று பறவைகள் துணை தேடுவதாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் பாடிய பிறகுதான் காதலோடு ஒட்டிக்கொண்டது. 1969இல் கத்தோலிக்கத் திருச்சபை அதைத் தன் பொது நாள்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. பூக்கடைக்கு அந்தச் சேதி எட்டவில்லை.

ராமேஸ்வரம் ஆடித் திருக்கல்யாணத்தில் மறைக்க எதுவுமில்லை. பர்வதவர்த்தினி அம்பாள் தபசிருந்து ராமநாதசுவாமியை அடைகிறாள். மாலை மாற்றும்போது கூட்டம் எட்டி எட்டிப் பார்க்கும். திருக்கல்யாணம் முடிந்ததும் பெண்கள் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வார்கள். காதலைக் கொண்டாடும் இந்த இரண்டில் என் ஓட்டு இதற்கே. ஆனால் தபசு மட்டும் ஏன் அம்பாள் பங்கு? ரோஜாவுக்காகப் பையனாவது வெயிலில் நிற்கிறான்.