உரப்பையா, பிளாஸ்டிக் கூடையா: பேலியகொடைக்கு மரக்கறி வரும் வழி

மலையகத்துப் போஞ்சியும் கறிமிளகாயும் கொழும்புக்கு எதில் வர வேண்டும் என்று கேட்டால், கூடையில்தான் என்பேன். நுவரெலியா, கெப்பெட்டிபொல, தம்புள்ளை என்று எங்கிருந்து புறப்பட்டாலும் இதே பதில்தான். ஆனால் கூடை வெல்வதும் தோற்பதும் சரக்கு இறங்கிய பிறகு, வெறுங்கூடை திரும்பிப் போகும் வழியில்தான் தீர்மானமாகிறது. விவசாயியின் மனநிலையை ஆராயப் போகிறவர்களும் கடைக்கு மொத்தமாக வாங்குகிறவர்களும் இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள்.

கூடை மரக்கறியைக் காக்கும் என்பதில் விவாதமில்லை. 50 கிலோ உரப்பையின் வாயில் இலை திணித்துத் தைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டு அடுக்கி, மேலே ஆளும் ஏறி உட்கார்ந்து வந்தால் அடி மூட்டைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போஞ்சிக்கு நெரிவைவிடச் சூடுதான் பெரிய எதிரி. பறித்த பிறகும் காய் மூச்சுவிடுகிறது. அந்தச் சூடு மூட்டையின் நடுவில் தேங்குகிறது. அதிகாலையில் பேலியகொடை மொத்தச் சந்தையில் இறங்கும் மூட்டையின் நடுவே முழங்கை வரை கையை விட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் குளிர்ந்திருக்கும், உள்ளே வெதுவெதுப்பும் ஈரமும். அங்கேதான் பஞ்சு போன்ற வெண்பூஞ்சணம் ஒரு காயில் பிடித்து, சுற்றியுள்ள காய்களையும் சேர்த்து ஒரு கூடு போலக் கட்டிக்கொள்ளும். மேலே பார்க்கிற வியாபாரிக்கு அது தெரியாது. பகல் பத்து மணிக்கு வெள்ளவத்தையில் கடைக்காரர் கொட்டும்போதுதான் வெளிப்படும்.

பலகைப் பெட்டி நெரிவைத் தடுக்கும். ஆனால் சிராயும் ஆணியும் காயைக் கீறும், மரம் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், கழுவிச் சுத்தமாக்க முடியாது. அட்டைப் பெட்டி ஏற்றுமதிக்குச் சரி, மழையில் நிற்கும் திறந்த லொறிக்கு ஆகாது. இரண்டையும் இத்துடன் விட்டுவிடலாம்.

சாக்கு நிலைத்து நிற்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வெறும் சாக்கின் எடை நூறு கிராம் அளவுதான். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போகலாம். உரம் வந்த பை என்பதால் தனிச் செலவில்லை. தொலைந்தால் யாரும் யாரிடமும் கேட்பதில்லை. உருளைக்கிழங்குக்கும் வெங்காயத்துக்கும் காற்றோட்டமான வலைச் சாக்கே போதும். அவற்றைக் கூடைக்கு மாற்றுவது வீண். கோவா ஓரளவு தாங்கும். லீக்ஸ் நீளத்தால் கூடைக்குள் அடங்காது. கீரை, வல்லாரை வகைகளைத் திறந்த கூடையில் வைத்தால் ஓடும் லொறியின் காற்றில் வதங்கிவிடும். ஈரச் சாக்கு போர்த்தினால் எவ்வளவு தாங்கும் என்பதில் உறுதியாகப் பேசத் தயக்கமே.

இனி கணக்கு. 54 × 36 × 29 செ.மீ. கூடையில் போஞ்சி ஏறக்குறைய 15 கிலோ பிடிக்கும். தக்காளி என்றால் 20க்கு மேல். பதினாலரை அடி லொறியின் தட்டில் நீளத்துக்கு 8, அகலத்துக்கு 5 என்று ஓர் அடுக்குக்கு 40 கூடை. ஆறு அடுக்குக்கு 240. போஞ்சி 3,600 கிலோ. அதே லொறியில் மூட்டையாகத் திணித்தால் 4,500 கிலோ ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். கூடை ஒன்று 2 கிலோ என்றால் 480 கிலோ வெறும் பிளாஸ்டிக்கைச் சுமந்து வருகிறோம். லொறி வாடகை 54,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால், கிலோவுக்கு மூட்டையில் 12 ரூபாய், கூடையில் 15. இந்த 3 ரூபாயைக் காட்டித்தான் பலரும் கூடை கட்டாது என்கிறார்கள்.

அந்த 3 ரூபாய் சின்ன விஷயம். கூடையின் விலையை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, அது எத்தனை நடை ஓடுகிறது என்று பாருங்கள். நூறு நடை ஓடினால் நடைக்கு 15 ரூபாய், கிலோவுக்கு 1 ரூபாய். ஒவ்வொரு நடையிலும் நூற்றுக்கு 5 கூடை திரும்பாமல் போனால் கூடையின் சராசரி ஆயுள் 20 நடைதான். கிலோவுக்கு 5 ரூபாய். நூற்றுக்கு 10 தொலைந்தால் 10 நடை. கிலோவுக்கு 10 ரூபாய். வெயிலிலும் மழையிலும் பல வருடம் தாங்கும் நல்ல கூடை வாங்கினோமா என்பது இங்கே எடுபடாது. உடைந்து சாகும் கூடைகளைவிடத் தொலைந்து போகும் கூடைகள் அதிகம்.

ஏன் தொலைகிறது? பேலியகொடையில் இறங்கிய கூடை சரக்கோடு சேர்த்துக் கைமாறுகிறது. மொத்த வியாபாரி அதை அப்படியே முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சில்லறைக் கடைக்கு அனுப்புகிறார். கடையில் அது தட்டாகிறது, தண்ணீர்ப் போத்தல் வைக்கும் பெட்டியாகிறது, உட்காரும் ஆசனமாகிறது. லொறியோ அன்று மாலையே திரும்ப வேண்டும். திரும்பும் வழியில் அரிசி, பலசரக்கு, உரம் ஏற்றினால் சாரதிக்கு வருமானம். ஒன்றுக்குள் ஒன்று இறங்காத கூடை வெறுமையாக இருந்தாலும் நிறைந்த கூடையின் இடத்தையே பிடிக்கும். 240 வெறுங்கூடை ஏற்றிய லொறியில் வேறொன்றும் ஏறாது. அந்த நட்டத்தை யாரும் தருவதில்லை என்றால் சாரதி கூடையை விட்டுவிட்டுப் போவது நியாயம்தான்.

2011 டிசம்பரில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளையில் விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்து வீதிக்கு இறங்கினார்கள், கட்டாயம் நிலைக்கவில்லை. அவர்களைப் பழமைவாதிகள் என்று எழுதுவது சுலபம். ஆனால் கூடையை வாங்குபவர் ஒருவர், அழுகல் குறைவதால் லாபம் பெறுபவர் வேறொருவர். தோட்டத்து விலை காலையில் முடிந்துவிடுகிறது. மறுநாள் கொட்டாஞ்சேனைக் கடையில் எத்தனை கிலோ குப்பைக்குப் போகிறது என்பது அந்த விலையைத் தொடுவதேயில்லை.

கார்கில்ஸ் 1999இல் ஹங்குராங்கெத்தையில் நேரடிக் கொள்வனவைத் தொடங்கியதைப் போல, சுப்பர் மார்க்கட்டுகள் சேகரிப்பு நிலையம் வைத்து வாங்கும் வழியில் கூடை சிக்கலில்லாமல் ஓடுவதற்கும் இதுவே விளக்கம். சேகரிப்பு நிலையம், களஞ்சியம், கடை மூன்றும் ஒரே கையில். சரக்கு வந்த பாதையிலேயே வெறுங்கூடையும் திரும்புகிறது. அழுகல் குறைந்தால் லாபமும் அதே கைக்கு.

விலை விழும் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடையால் நூற்றுக்கு 8 கிலோ மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். போஞ்சி கிலோ 300 ரூபாய் என்றால் கிலோவுக்கு 24 ரூபாய் மிச்சம்; கூடைச் செலவு 5, கூடுதல் வாடகை 3, ஆக 8 ரூபாய். தாராளமாக லாபம். அதே போஞ்சி 80 ரூபாய்க்கு விழுந்தால் மிச்சம் 6 ரூபாய் 40 சதம். செலவு அதே 8. அந்த வாரத்தில் சாக்கே போதும் என்று சொல்லும் விவசாயி சரியாகத்தான் சொல்கிறார். ஆகவே மனப்பாங்கு ஆய்வு செய்பவர்கள் வினாக்கொத்தை எந்த மாதத்தில் கொண்டுபோகிறார்கள் என்பது முக்கியம். “கூடையை ஆதரிக்கிறீர்களா” என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். “பத்துக் கூடை திரும்பாவிட்டால் பணம் யார் கட்ட வேண்டும்” என்று கேளுங்கள். உண்மையான மனநிலை அந்தப் பதிலில் இருக்கிறது. நிறுவையையும் கேளுங்கள். சாக்குக்கென்று கண்மதிப்பில் ஒன்றிரண்டு கிலோ கழிக்கும் இடத்தில், எடை தெரிந்த கூடை விவசாயிக்குப் பெரிய பாதுகாப்பு. அழுகலைப் பற்றிப் பேசாதவர்களும் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இழப்பை அளப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 வீதம் வீணாகிறது என்று பொதுவாகச் சொல்லப்படும் எண்ணைக் கூடைக் கணக்கில் போடக் கூடாது. அதில் தோட்டம், போக்குவரத்து, கடை எல்லாம் கலந்திருக்கிறது. ஒரே தோட்டம், ஒரே நாள் பறித்த காய், 10 மூட்டை, 10 கூடை, ஒரே லொறி. தோட்டத்திலும் பேலியகொடையிலும் சில்லறைக் கடையிலும் நிறுத்து, கடையில் இரண்டாம் நாள் மாலை வரை கழிவைத் தனியாக நிறுக்க வேண்டும். இறக்கியவுடன் எண்ணி அத்தோடு முடித்துக்கொண்டால் சாக்குக்குச் சாதகமாகவே முடிவு வரும். அடிபட்ட தக்காளி அப்போது தோல் கிழியாமல் முழுசாக இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்தில்தான் அந்த இடம் நீர் கோத்துக் கறுக்கும். வாங்குபவர்களிடமும் வாய்மொழியை மட்டும் நம்ப வேண்டாம். தரத்துக்குக் கூடுதல் விலை தருவேன் என்பவர், கடையில் குவியலைக் கிளறித் தெரிந்தெடுத்து அதே விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் அழுத்திப் பார்த்து ஒதுக்கிய காய்தான் மாலையில் கூறு கட்டிப் பாதி விலைக்குப் போகிறது. காலை விலைக்கும் மாலை விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.

கூடைக்கு மாறுவதென்றால் ஒரு பயிர், ஒரு லொறி, 60 கூடை என்று தொடங்குங்கள். திருப்பி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று இறங்கும் வகையை வாங்குங்கள். விலை கூட, ஆனால் வெறுங்கூடை பிடிக்கும் இடம் வெகுவாகக் குறையும். மடக்குக் கூடை, சுமை ஏற்றி இறக்கும் நாட்டாமைமார் தூக்கிப் போடும் வேகத்துக்கு எவ்வளவு காலம் ஈடுகொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரே நிறம், இரும்பைச் சூடாக்கிப் பதித்த இலக்கம். டிப்பொசிட் கூடை விலையில் பாதிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்; 100 ரூபாய் டிப்பொசிட்டுக்கு யாரும் கூடையைத் திருப்பித் தர மாட்டார்கள். சாரதிக்கு வெறுங்கூடைக்கென்று தனிக்கூலி, எண்ணிக் கொடுத்த அன்றே. இறக்குகூலி உருப்படிக் கணக்கில் பேசப்படுகிறது என்றால், ஒரு மூட்டைக்குப் பதில் மூன்று கூடை வருவதை நாட்டாமைமாரோடு முன்கூட்டியே பேசித் தீர்த்துவிடுங்கள்.

நிரப்பும்போது விளிம்புக்கு 2, 3 செ.மீ. கீழே நிறுத்துங்கள். மேலே குவித்தால் அடுத்த கூடையின் பாரம் காயின்மேல் இறங்கும். பிறகு சாக்குக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. திரும்பிய கூடையை முதலில் மண் போகக் கழுவ வேண்டும், மண் இருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது. பிறகு 10 லீற்றர் தண்ணீருக்கு 5 வீதக் குளோரின் வெளிற்றும் திரவம் 40 மில்லிலீற்றர் கலந்து ஐந்து நிமிடம் நனைத்து, கவிழ்த்துக் காயவைத்தால் போதும்.

ஒவ்வொரு நடைக்கும் போனது எத்தனை, வந்தது எத்தனை என்று கொப்பியில் எழுதுங்கள். மேலே சொன்ன விலையிலும் மிச்சத்திலும் நூற்றுக்கு 20 கூடை தொலைந்தால் கிலோவுக்கு 20 ரூபாயும் வாடகை 3 ரூபாயும் சேர்ந்து 24 ரூபாய் மிச்சத்தை ஏறத்தாழ முழுதாக விழுங்கிவிடும். மூன்று வாரத்தில் தொலையும் கூடை நூற்றுக்கு 10க்குக் கீழே வராவிட்டால் புதிய கூடை வாங்குவதை நிறுத்தி, டிப்பொசிட்டை உயர்த்துங்கள்.