எக்ஸாஸ்ட் மாற்றிய பிறகு செக் எஞ்சின் விளக்கா? சென்சாருக்குப் பணம் கட்டாதீர்கள்

பெங்களூருவில் ஒரு எக்ஸாஸ்ட் கடை ஒரே காருக்கு இரண்டு ஆக்ஸிஜன் சென்சார் (புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் கருவி) விற்றிருக்கிறது. இரண்டுமே வேண்டாத செலவு. பிஎஸ்6 பெட்ரோல் கார். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைத்தார்கள். சில நாளில் மஞ்சள் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. "சென்சார் போயிடுச்சு சார்" என்று பின் சென்சாரை (கன்வர்ட்டருக்கு அடுத்து இருப்பது) மாற்றி, ஸ்கேனரில் பிழைக் கோடை (code) அழித்து அனுப்பினார்கள். மறுபடி எரிந்ததும் "முன் சென்சாரும் (கன்வர்ட்டருக்கு முன்னால் இருப்பது) வீக்" என்று அடுத்த பில். கழற்றிய கன்வர்ட்டர் எங்கே போனது என்று எந்த பில்லிலும் இல்லை. கன்வர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. ஸ்கிராப்புக்கே நல்ல காசு.

வந்த கோடு பி0420. கன்வர்ட்டர் வேலை செய்யவில்லை என்பதுதான் அதன் பொருள். சென்சார் கெட்டுவிட்டது என்று அது சொல்லவில்லை. கன்வர்ட்டர் நன்றாக இருந்தால், எஞ்சின் சூடான பிறகு பின் சென்சார் 0.6, 0.7 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கன்வர்ட்டரே இல்லையென்றால் அது 0.1க்கும் 0.9க்கும் இடையே மேலும் கீழும் ஆடும். அந்தச் சென்சாரை மாற்றுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை.

கோடை அழித்ததும் விளக்கு அணைவதை நம்ப வேண்டாம். காரே தானாக நடத்தும் கன்வர்ட்டர் சோதனை தொடர்ந்து இரண்டு ஓட்டங்களில் தோற்றால்தான் பெரும்பாலான கார்களில் விளக்கு திரும்ப எரியும். ஓசூர் ரோடு மேம்பாலத்தில் சீரான வேகத்தில் போனால் சோதனை ஓடும். சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தால் நாள்கணக்கில் ஓடாது. பணம் கொடுக்கும் முன் சாதாரண ப்ளூடூத் ஓபிடி டாங்கிளை (காரின் கோடுகளைப் போனில் காட்டும் சிறு கருவி) செருகி, எந்தச் சோதனை முடிந்தது என்று சொல்லும் 'ரெடினெஸ்' பக்கத்தைப் பாருங்கள். கேட்டலிஸ்ட் 'இன்கம்ப்ளீட்' என்று இருந்தால், கோடை அழித்த பிறகோ பேட்டரியைக் கழற்றிய பிறகோ அந்தச் சோதனை இன்னும் ஓடி முடியவில்லை.

எக்ஸாஸ்ட் வேலைக்குப் பிறகு சென்சாருக்கு உண்மையிலேயே தொல்லை வருவதும் உண்டு; பெரும்பாலும் வேலை செய்தவர் கைவண்ணம்தான். முதல் சந்தேகம் முன் சென்சாருக்கு முந்தைய ஜாயின்ட் மேல் இருக்கட்டும். அங்கே லீக் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரிபொருள் குறைவு என்று சென்சார் சொல்லும், எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், மைலேஜ் விழும். டாங்கிளில் தெரியும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு) பிளஸ் 10ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், எரிபொருள் குறைவு என்கிற பி0171 கோடு வருவதற்கு முன்பே இந்த லீக்கைப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஃப்ளாஞ்சில் (குழாய்கள் போல்ட்டில் சேரும் இடம்) சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். சூடான குழாயில் தெளிக்காதீர்கள்.

அடுத்தது வயர். பின் சென்சாருக்கு வயர் எட்டவில்லை என்று வெட்டி சால்டர் வைத்து நீட்டுவார்கள். பல ஜிர்கோனியா (ஒரு வகை செராமிக்) சென்சார்கள், புகையோடு ஒப்பிடத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளின் வழியாகத்தான் எடுக்கின்றன. சால்டர் அந்த வழியை அடைத்துவிடும். கிரிம்ப் செய்ய வேண்டும் (உலோகக் குழலில் வைத்து அழுத்தி இணைப்பது), அல்லது இரு முனையிலும் கனெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் ஹார்னெஸ் (நீட்டிப்பு வயர்) வாங்க வேண்டும். பி0141 வந்தால் கோளாறு பின் சென்சாரைச் சூடாக்கும் ஹீட்டர் சர்க்யூட்டில். முதலில் ஃப்யூஸையும், குழாயில் பட்டு உருகிய வயரையும் பார்க்கவும். பாஷ் சென்சாரில் இரண்டு வெள்ளை வயர்தான் ஹீட்டர். டென்சோவில் இரண்டு கறுப்பு. நிறம் பார்த்துக் குத்துமதிப்பாக இணைத்தால் புது சென்சாரும் போகும்.

ஜாயின்ட்டில் சாதா சிலிக்கான் பேஸ்ட் பூசினால் அந்த ஆவியே சென்சாரைக் கெடுத்துவிடும். சென்சாரைத் திருகக் குழாயில் வெல்ட் செய்யும் பங் (மரையுள்ள வளையம்) எம்18×1.5 அளவு மரையோடு, கிடைமட்டத்திலிருந்து 10 டிகிரியாவது மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் தேங்கி உள்ளே செராமிக் விரிசல் விடும்.

இதற்கெல்லாம் மேல் 'ஸ்பேசர்' என்று ஒன்று விற்பார்கள். சென்சார் முனையைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும், விளக்கு அணையும். புகை மாறாது. ஒழுங்கான பியூசி (மாசு) சோதனையில் ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். கன்வர்ட்டர் இல்லாமல் இது கடினம். கம்பெனி ஸ்பெக்கை மாற்றுவதே மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிர். மாசு, சத்த விதிகளை மீறினால் 190(2)இல் 10,000 ரூபாய் வரை அபராதம்.

கன்வர்ட்டரைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். கழற்றும் முன்பே அதில் பொறித்துள்ள எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்: தேன்கூடு போன்ற செராமிக் முழுதாகத் தெரிய வேண்டும். வெறும் ஓடாக, லேசாக இருந்தால், உள்ளே இருந்ததை ஏற்கெனவே விற்றுவிட்டார்கள்; அந்த இடத்திலேயே எழுதி வாங்குங்கள்.