60 டாலருக்கு ஒரு நகல் வட்டு: பழைய கேம் தேடுகிறவர்கள் உஷார்

கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் கடைசிப் பதில் வந்தது. “உங்கள் புகார் முடிக்கப்பட்டது.” என் 60 டாலரும் அதோடு முடிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்து எழுதாமல் விட்டுவிடுவேன்.

நான் தேடியது ‘தீஃப்: த டார்க் ப்ராஜெக்ட்’. 1998இல் லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ் செய்த ஒளிந்து விளையாடும் கேம். கேரெட் என்ற திருடனாக ஆட வேண்டும். கையில் வாள் உண்டு, ஆனால் இரண்டு காவலர்கள் சேர்ந்து வந்தால் கதை முடிந்தது. திரையின் அடியில் இருக்கும் கல் மங்கினால் நாம் இருட்டில் இருக்கிறோம் என்று அர்த்தம். தண்ணீர் அம்பு விட்டுப் பந்தத்தை அணைக்கலாம். கம்பளத்தில் நடந்தால் சத்தமே வராது, ஓடு பதித்த தரையில் ஓடினால் மாளிகையே விழித்துக்கொள்ளும். அந்தத் தரையில் சத்தத்தை அமுக்கும் பாசி அம்பு விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்த ராத்திரிகள் எத்தனையோ. என் வட்டு எப்போதோ வீடு மாற்றும்போது தொலைந்துபோனது. இத்தனை வருடம் கழித்து மறுபடி ஆட ஆசை வந்தபோது, பக்கங்கள் சரிந்திருக்கும் அந்தப் பழைய பெட்டியும் கையில் வேண்டும் என்று தோன்றியது. அங்கேதான் சறுக்கினேன்.

பழைய பொருள்களை ஆளுக்கு ஆள் விற்கும் தளம் ஒன்றில் பெட்டி கிடைத்தது. படத்தில் ஒரு மூலை நசுங்கியிருந்தது. பொய்ப் பொருள் என்றால் நசுங்கலைக் காட்டுவானா என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பேச ஆரம்பித்தால் ஆள் விஷயம் தெரிந்தவர். கேமில் முதலில் திருடப் போகும் பாஃபோர்ட் பிரபுவின் மாளிகைக்குள் எந்த வழியாக நுழைவேன் என்பதையே அரை மணி நேரம் பேசினோம். அப்புறம் அவரே சொன்னார்: “நண்பா, முன்னாடியே சொல்லிடறேன், இது முதல் பதிப்பு. 12 மிஷன்தான். 1999இல் வந்த கோல்டு பதிப்பில் சேர்த்த 3 மிஷன் இதில் கிடையாது. அப்புறம் ஏமாந்துட்டேன்னு சொல்லக் கூடாது.”

அந்த ஒரு வரியில் விழுந்தேன். குறையைக் கேட்காமலே சொல்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? தளத்துக்குக் கமிஷன் போக வேண்டாம், நண்பர்களுக்கு அனுப்புகிற வகையில் நேராக அனுப்புங்கள் என்றார். சரி என்று 60 டாலரை அனுப்பிவிட்டேன்.

வந்தது நகலெடுத்து மடித்த அட்டை. உள்ளே இருந்த வட்டைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா. கடையில் விற்ற அசல் வட்டின் அடி வெள்ளியாக இருக்கும். இது யாரோ வீட்டில் எழுதியது. கணினியில் போட்டுப் பார்த்தேன். புது விண்டோஸில் இந்தக் கேமை ஓட வைக்க ரசிகர்கள் இலவசமாகத் தரும் பேட்ச், அதாவது கேமைத் திருத்தும் சின்ன மென்பொருள், மட்டும்தான் அதில் இருந்தது. பேட்ச் என்னிடமே கேட்கிறது, கேம் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்று! அதைத்தானே ஐயா காசு கொடுத்து வாங்கினேன்?

விற்றவரிடம் சொன்னேன். “பல கோர் உள்ள பிராசஸரில் அப்படித்தான் தகராறு பண்ணும், ஒரே கோரில் ஓட விடுங்க” என்றார். கோர் என்றால் பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி; பழைய பதிப்புக்கு அந்தத் தகராறு உண்டு என்பது உண்மை. ஆனால் இல்லாத கேமை எந்தக் கோரில் ஓட்டுவது? வட்டில் உள்ளதைப் படம் பிடித்து அனுப்பினேன். “ஊருக்குப் போறேன், வந்து பாக்கறேன்” என்றார். அதோடு சரி. தளத்தில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாகப் போகவில்லை என்றார்கள். பணம் அனுப்பும் சேவையிலோ, நண்பருக்கு அனுப்பியதற்குப் பாதுகாப்பு கிடையாதாம். 60 டாலர் பிடுங்கிய நண்பர்!

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசில்லை. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். இன்றைய தேதி எழுதிய தாளோடு வட்டின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆடினால் போதும் என்றால் கோல்டு பதிப்பே அதிகாரப்பூர்வமாக இணையத்தில் 10 டாலருக்குள் கிடைக்கிறது. எனக்கும் இது தெரியும். பெட்டி வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான்.

இதை எழுதும்போது தளத்தை மறுபடி திறந்து பார்த்தேன். வேறு பெயரில் அதே படம், அதே நசுங்கிய மூலை. “ஒரே ஒரு பிரதிதான் உள்ளது” என்று போட்டிருக்கிறது. விலை இப்போது 65 டாலர்.